ஓராண்டு, ஓர் ஊர், இருநூறு பறவைகள்

வங்கி அலுவலர்களின் குடும்பங்கள் பல ஊர்களில் வாழ்கின்றன. அவற்றுள் எதையும் நிறைவாக அறிவதில்லை. மூன்று ஆண்டுகள் ஓர் ஊர், பின்னர் மாறுதல் ஆணை, மீண்டும் மூட்டை கட்டுதல் என்றே காலம் நகர்கிறது. பால் வாங்கும் கடை, பிள்ளையின் பள்ளி, கிளைக்குச் செல்லும் வழி ஆகிய மூன்றும் பழகிவிட்டால் ஊரே பழகிவிட்டதாகக் கொள்கிறோம். தில்லிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபோது எங்கள் நிலையும் அதுவே. ஊரிலிருந்து வந்த உறவினர்க்குக் குதுப்மினாரையும் செங்கோட்டையையும் காட்டியிருந்தோம். அதற்கு மேல் தில்லி எங்களுக்கு ஒரு முகவரியாக மட்டுமே இருந்தது.

அந்நிலையை மாற்ற எண்ணி, 2024ஆம் ஆண்டு முழுவதும் ஒரு முயற்சியில் ஈடுபட்டோம். ஜனவரி முதல் நாள் தொடங்கி டிசம்பர் 31 முடிய, தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எத்தனை வகைப் பறவைகளைக் காண இயலும் என்று எண்ணுவதே அம்முயற்சி. கணவன், மனைவி, ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகள் ஆகிய மூவரும் இதில் பங்காளிகள். இலக்கு இருநூறு வகைகள். பறவையியல் பயின்றவர் எங்களுள் எவரும் இல்லர்; வணிகவியல் பட்டமும் வங்கித் தேர்வுகளுமே எங்கள் கல்வி. ஆயினும் கணக்கெழுதப் பழகிய கை இதற்குப் பெரிதும் உதவியது.

பழைய வழக்கம், பழைய ஊர்

ஓராண்டு எல்லைக்குள் பறவை வகைகளை எண்ணும் இவ்வழக்கத்தை மேலை நாடுகளில் ‘பிக் இயர்’ என்பர். அமெரிக்காவில் கை எமர்சன் என்பவர் தம் தொழில்முறைப் பயணங்களைப் பறவைகளின் பருவங்களோடு பொருத்திக்கொண்டு 1939இல் 497 வகைகளைக் கண்டார். 1973இல் கென் காஃப்மன் என்னும் இளைஞர், வழியில் செல்லும் வண்டிகளில் இடம் கேட்டு ஏறியே வட அமெரிக்கா முழுவதும் சுற்றினார். 2015இல் நோவா ஸ்ட்ரைக்கர் உலகம் முழுவதும் பயணம் செய்து 6,042 வகைகளைப் பதிவு செய்தார். அத்தகைய பயணங்களுக்கு வேண்டிய விடுப்பும் பொருளும் நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. ஆனால் ஓர் ஊருக்குள் இதனைச் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

இந்தியாவில் 1,300க்கும் மேற்பட்ட பறவை வகைகள் உள்ளன. தில்லி வட்டாரத்தில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. யமுனையின் சதுப்பும், ஆரவல்லி மலைத்தொடரின் வறண்ட புதர்க்காடும், சுற்றியுள்ள வயல்களும் அருகருகே அமைந்திருப்பது ஒரு காரணம். நடு ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் பறவைகளின் வலசைப் பாதையில் இந்நகரம் இருப்பது மற்றொரு காரணம்.

பறவை நோக்கும் மரபும் இங்கே நீண்டது. காந்தியடிகளின் நண்பரான ஹொரேஸ் அலெக்சாண்டர் 1950இல் தில்லிப் பறவை நோக்கர் சங்கத்தைத் தொடங்கினார். இந்திரா காந்தி அதன் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவர். உஷா கங்குலி ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த குறிப்புகள் 1975இல் தில்லிப் பறவைகள் பற்றிய கையேடாக வெளிவந்தன. குருகிராம் மாவட்டத்துச் சுல்தான்பூர் ஏரி இன்று தேசியப் பூங்காவாக நிலைத்திருப்பதற்கும், பீட்டர் ஜாக்சன் என்னும் பத்திரிகையாளர் அதன் அருமையைப் பிரதமராயிருந்த இந்திரா காந்தியின் கவனத்துக்குக் கொண்டுசென்றதே தொடக்கம். இவர்களுள் பலர் வேறு பணிகளைச் செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் பறவை பார்த்தவர்கள்.

நாங்கள் வகுத்த விதிகள்

தொடங்கும் முன் சில விதிகளை எழுதி வைத்தோம். வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டக் கூடாது. பறவைக்காக விடுப்பு எடுக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமைகளும், இரண்டாம் நான்காம் சனிக்கிழமைகளும், பொது விடுமுறைகளும் மட்டுமே எங்களுக்கு உரியவை. இயன்றவரை மெட்ரோவிலும் பேருந்திலும் செல்ல வேண்டும். மூவருள் இருவரேனும் கண்ணால் கண்டாலன்றிக் கணக்கில் சேர்க்கலாகாது. குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் சொல்லை மட்டும் நம்பிப் பதியலாகாது.

மற்றொரு விதி வங்கிப் பழக்கத்திலிருந்து வந்தது. எக்கணக்கில் வரவு வைப்பது என்று உறுதியாகாத தொகையை அனாமத்துக் கணக்கில் நிறுத்தி வைப்பது நம் வழக்கம். அதுபோலவே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை அனாமத்துப் பக்கமாக ஒதுக்கினோம். ஐயத்துக்குரிய பறவைகள் யாவும் நாள், இடம், கண்ட அடையாளம் ஆகியவற்றோடு அங்கே எழுதப்படும். தெளிவு பிறந்தால் முதன்மைக் கணக்குக்கு மாறும். இல்லையேல் அங்கேயே நிற்கும்.

குளிர்காலத்தின் வரவு

ஜனவரியில் வரவுக்குப் பஞ்சமில்லை. மெஜந்தா தடத்தில் ஓக்லா பறவைகள் சரணாலயம் என்ற பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கு இறங்கி நடந்தால் யமுனையின் தேங்கிய நீரில் ஊசிவால் வாத்துகளும், தட்டை அலகால் நீரை வடிகட்டும் ஆண்டி வாத்துகளும், நாமக்கோழிகளும் பெருங்கூட்டமாக மிதந்தன. யமுனையின் படித்துறைகளில் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் வட்டமிட்டன. கடலே இல்லாத தில்லியில் கடற்காகம் ஏது என்று வியந்த மகள், அவற்றுள் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் லடாக்கு, திபெத்து முதலிய உயர்நிலங்களின் ஏரிக்கரைகளில் இனம்பெருக்குபவை என்று அன்றிரவே படித்தறிந்து எங்களுக்கும் சொன்னாள்.

சுல்தான்பூரில் வரித்தலை வாத்துகளைக் கண்டோம். வெண்தலையில் இரு கரும்பட்டைகள் கொண்ட இவ்வாத்துகள் இமயத்தைக் கடந்து வருபவை. உடலில் பொருத்திய கருவிகளின் வழியே, இவை 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அதே ஏரியின் திட்டுகளிலுள்ள மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் வளர்ந்த குஞ்சுகளோடு நின்றிருந்தன. பெரிய நொய்டாவை அடுத்த தனௌரியில் சாரசக் கொக்கு இணை ஒன்று வயலோரத்தில் நடந்து சென்றது. ஏறத்தாழ ஆள் உயரமுள்ள அப்பறவைகளுக்கு அருகிலேயே உழவர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை; அவையும் அஞ்சவில்லை.

தில்லி அரசு 2012இல் சிட்டுக்குருவியை மாநிலப் பறவையாக அறிவித்தது. ஆயினும் எங்கள் குடியிருப்பில் ஒரு சிட்டுக்குருவிகூட இல்லை. பழைய தில்லியின் மளிகைச் சந்தையான காரி பாவோலியில், மூட்டைகளிலிருந்து சிந்திய தானியத்தைக் கொத்தியவையே எங்கள் முதல் சிட்டுக்குருவிகள். பட்டியலில் அதன் வரிசை எண் 41. இமயத்துக்கு அப்பாலிருந்து வந்த வாத்து அதற்கு முன்னரே பதிவாகியிருந்தது.

பிப்ரவரி இறுதியில் கணக்கு 103ஐத் தொட்டது. இவ்வேகத்தில் சென்றால் ஜூன் மாதத்திலேயே இலக்கு நிறைவேறும் என்று மகிழ்ந்தோம். பறவைகளின் நாட்காட்டி வேறு என்பதை மார்ச் மாதம் காட்டியது.

ஆண்டிறுதியும் வலசையும்

வங்கியில் மார்ச் என்பது கணக்கு முடிக்கும் மாதம். வட இந்தியப் பறவைகளுக்கோ அது புறப்படும் மாதம். இலவ மரங்கள் இலையுதிர்த்துச் செந்நிறப் பூக்களாய் நிற்க, மைனாக்களும் சூறைக்குருவிகளும் அவற்றில் தேனுண்ண மொய்க்கும் நாள்களில், கிளையில் நிலுவைக் கடன்களின் பட்டியல் எங்கள் மேசையை நிறைத்தது. அவ்வாண்டு மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தும், அரசுப் பரிவர்த்தனைகளுக்காக வங்கிகள் திறந்திருந்தன. அம்மாதம் ஒன்பது வகைகள் மட்டுமே சேர்ந்தன. மனைவியும் மகளும் காலை நடையில் கண்டவையே அவற்றுள் பெரும்பாலானவை.

கோடையில் தில்லியின் வெப்பம் 45 பாகையை நெருங்கியபோது, காலை ஐந்தரைக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பினோம். தொலைவிடங்களை விடுத்து லோதி தோட்டத்தையே நாடினோம். சாம்பல் இருவாச்சி, மஞ்சட்கால் பச்சைப்புறா, புள்ளி ஆந்தை, குண்டுக்கரிச்சான் யாவும் பழைய கல்லறை மண்டபங்களைச் சுற்றியுள்ள மரங்களிலேயே இருந்தன. தெற்கே குளிர்காலத்தில் காணும் மாங்குயில் இங்கே கோடை விருந்தினர். நகரமே வெயிலுக்கு அஞ்சி அடங்கியிருக்கும் நண்பகலில், செம்மார்புக் குக்குறுவான் செம்பைத் தட்டுவதுபோல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 28ஆம் நாள் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் தத்தளித்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டு நாள்கள் முன்னர் எங்கள் குடியிருப்பின் வேப்பமரத்தில் சுடலைக்குயில் ஒன்று வந்தமர்ந்தது. மழைத்துளியை மட்டும் பருகி வாழ்வதாகக் கவிஞர்கள் போற்றிய சாதகப் பறவை இதுவே. ஆப்பிரிக்காவிலிருந்து பருவக்காற்றை ஒட்டி வரும் இதன் வருகையை வட இந்திய உழவர் மழையின் முன்னறிவிப்பாகக் கொள்வர். வானிலை அறிவிப்பைக் கைப்பேசியில் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அதே செய்தியை ஒரு பறவை வாயிலாக அறிந்தது புதிய அனுபவம்.

மழைக்காலச் சதுப்புகளில் நீளவால் இலைக்கோழி இனப்பெருக்கக் கால அழகோடு தாமரை இலைகளின்மேல் நடந்தது. இவ்வினத்தில் பெண் முட்டையிட்டுச் செல்ல, ஆணே அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும். இச்செய்தி எங்கள் வீட்டில் சில நாள்கள் நல்ல பேச்சுக்கு இடமளித்தது.

செப்டம்பரில் வெள்ளை வாலாட்டிகள் திரும்பின. மறுபடியும் வரவு பெருகியது. ஆனால் நவம்பரில் தில்லியின் காற்று மூச்சு விடுவதற்கே தகுதியற்றதாயிற்று. அம்மாதத்தின் இரண்டு ஞாயிறுகளில் சன்னலைச் சாத்தி உள்ளேயே இருந்தோம். எங்களுக்குச் சாத்திக்கொள்ளச் சன்னல் இருந்தது. வெளியே ஆற்றில் இறங்கியிருந்த வாத்துகளுக்கு அது இல்லை என்ற எண்ணம் அந்நாள்களில் விலகவே இல்லை.

அனாமத்துப் பக்கம்

டிசம்பர் 31 அன்று முதன்மைக் கணக்கில் 184 வகைகள், அனாமத்தில் 17. அவற்றுள் பெரும்பாலானவை இலைகளுக்குள் மறைந்து திரியும் சிறு கதிர்க்குருவிகளும், மிக உயரத்தில் வட்டமிட்ட கழுகினங்களும். பல்லாண்டு அனுபவமுள்ள பறவை நோக்கர் ஒருவர் எங்கள் படங்களையும் குறிப்புகளையும் பார்த்து நான்கைத் தெளிவாக்கினார். கணக்கு 188 ஆயிற்று. எஞ்சிய 13ஐயும் சேர்த்தால் 201, இலக்கு நிறைவேறியிருக்கும்.

வீட்டுக்கு வந்திருந்த உறவினர், “இதை யார் தணிக்கை செய்யப் போகிறார்கள்? எழுதிக்கொள்ளுங்களேன்” என்றார். அவர் அன்பினால் சொன்னார். பதில் சொன்னவள் மகள். “மாமா, நாங்க எழுதுறது எங்க நோட்டோட நின்னுடாது. நாளைக்கு அந்தக் குளத்தைப் பத்தி யாராவது ஆராய்ச்சி பண்ணா, அந்தப் பறவை அங்க இருக்குன்னு நம்பிடுவாங்க” என்றாள். பதின்மூன்றும் அனாமத்திலேயே நின்றன. ஓராண்டில் அவள் கற்றவற்றுள் இதுவே பெரிது என்று நாங்கள் கருதுகிறோம்.

எண்ணியதால் அறிந்தவை

அவள் சொன்னது வெறும் பேச்சன்று. எங்கள் பதிவுகள் அனைத்தையும் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இ-பேர்டு தளத்தில் ஏற்றிவந்தோம். இந்தியாவெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் இவ்வாறு ஏற்றிய ஏறத்தாழ மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டே 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை உருவாயிற்று. 942 வகைகளை ஆராய்ந்த அவ்வறிக்கை, நீண்டகாலப் போக்கை அறிய முடிந்த 338 வகைகளுள் அறுபது விழுக்காடு குறைந்து வருவதாகக் கூறுகிறது. மயிலும் குயிலும் பெருகுகின்றன. பனங்காடை குறைந்து வருகிறது.

தெலங்கானா, கர்நாடகம், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களின் மாநிலப் பறவை பனங்காடை. தசராவன்று அதனைக் காண்பது நன்னிமித்தம் என்னும் நம்பிக்கையும் உண்டு. ஐம்பத்தெட்டு நாள்கள் வெளியே சென்ற நாங்கள் அதனை இருமுறை மட்டுமே கண்டோம். எங்கள் இருமுறை தனியே எதையும் மெய்ப்பிக்காது. பல்லாயிரம் பேரின் ‘இருமுறை’கள் சேரும்போது அது ஒரு செய்தியாகிறது.

பழைய கணக்கு இல்லையேல் இழப்பும் தெரியாது என்பதற்குத் தில்லியை அடுத்த ராஜஸ்தானின் பரத்பூரே சான்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களில் அங்கே பாறுக் கழுகுகளை எண்ணியிருந்தார். 1990களில் மீண்டும் எண்ணியபோது வீழ்ச்சி வெளிப்பட்டது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்பது பின்னர் உறுதியாயிற்று. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. முதல் எண்ணிக்கையை எவரும் எழுதி வைத்திராவிடில், கழுகுகள் குறைந்ததாக ஒரு பேச்சு மட்டுமே மிஞ்சியிருக்கும். அதே பரத்பூருக்கு 2002க்குப் பின் சைபீரியக் கொக்குகள் வரவில்லை. அந்த ஆண்டை நாம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சிலர் சென்று எண்ணியதால்தான்.

செலவும் தொடக்கமும்

வங்கி இதழில் செலவுக் கணக்கு இல்லாவிடில் கட்டுரை நிறைவு பெறாது. மூவருக்கும் சேர்த்து ஆண்டு முழுவதற்கும் ஆன செலவு: பைனாகுலர் 9,500 ரூபாய், பறவைக் கையேடு 900, போக்குவரத்து 13,400, நுழைவுக் கட்டணங்கள் 1,400. ஆக மொத்தம் 25,200 ரூபாய், மாதம் 2,100. குடும்பத்தோடு இருமுறை வணிக வளாகத்துக்குச் சென்று திரும்பும் செலவு இதைவிடக் குறையாது.

தொடங்க விரும்பும் வாசகர்க்குச் சில குறிப்புகள்:

• பைனாகுலர் வாங்குவோர் 8x42 என்னும் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்னாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் ஆதலால் விடியற்காலையின் மங்கிய ஒளியிலும் தெளிவு இருக்கும். பத்து மடங்குக் கருவியில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

• எல்லையைச் சிறிதாக வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாலுகா, ஓர் ஏரி, ஒரு தெரு எதுவும் போதும். மாடியிலிருந்து காண்பவற்றை மட்டும் எண்ணுவோரும் உண்டு.

• தொடர் வைப்பில் மாதந்தோறும் தவறாது தவணை செலுத்துவதுபோல், வாரம் ஒருமுறை ஒரே இடத்துக்குச் செல்லுங்கள். எப்போதோ ஒருமுறை செல்லும் நெடும்பயணத்தைவிட இது மிகுதியாகக் கற்பிக்கும்.

• காக்கை, மைனா, புறா ஆகியவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். இன்று பொதுவாகக் காணப்படும் பறவையின் கணக்கே நாளை அளவுகோலாகும்.

• கூட்டை நெருங்குவதும், படத்துக்காகப் பறவையை விரட்டுவதும், கடற்காகங்களுக்குப் பொரித்த தின்பண்டம் வீசுவதும் வேண்டா.

• ஆண்டுத் தொடக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பொங்கல் நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள்கள் உலகம் தழுவிய பறவைக் கணக்கெடுப்பும் நடைபெறுகின்றன. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று கண்டவற்றை எண்ணிப் பதிந்தாலே பங்கேற்பாகும்.

இலக்கு இருநூறு, கிட்டியது 188. இவ்வாண்டு எங்களுக்கு மாறுதல் ஆணையும் வந்துவிட்டது. ஆனால் இம்முறை பிரிவது ஒரு முகவரியிலிருந்து அன்று. எந்தப் பூங்காவின் எந்த மரப்பொந்தில் புள்ளி ஆந்தை வாழ்கிறது, எந்த வாரத்தில் வாலாட்டி வந்திறங்கும், எந்தச் சந்தையில் சிட்டுக்குருவி பிழைத்திருக்கிறது என்பவற்றை அறிந்தே செல்கிறோம். ஐம்பத்தெட்டு நாள்களின் பதிவுகள் தில்லியின் பெயரிலேயே இருக்கும். இருபது ஆண்டுகள் கழித்து எவரேனும் அந்த ஏரிகளை மீண்டும் எண்ண வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும். உங்கள் ஊரின் ஏரிக்கும் அத்தகைய கணக்கு ஒன்று வேண்டும். அதனை எழுதத் தகுந்தவர் அங்கே வாழும் நீங்களே.